அம்மாவைக் குலுக்காமல் கியர் மாத்துறது எப்பிடி? வட்டக்கச்சியில இருந்து ஒரு விடியக்காலைப் பழக்கம்

வணக்கம், எல்லாருக்கும் வணக்கம். சத்தம் வடிவாக் கேக்குதோ? காத்து அடிக்குது, அதால மைக்கைச் சேட்டுக்குள்ள குத்தி வைச்சிருக்கிறன். இப்ப நான் நிக்கிறது கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில, இரணைமடு வாய்க்கால் கரை ரோட்டில. நேரம் விடிய ஆறரை. ரெண்டு பக்கமும் வயல், ரோட்டில ஒரு சனமில்லை, அங்கால ரெண்டு மயில் மட்டும் மேயுது. கியர் பழகுறதுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பின்னால நிக்கிற மோட்டச்சைக்கிள்தான் புது ஆள். 150 சிசி, அஞ்சு கியர். எடுத்து மூண்டு கிழமை, மீற்றரில 640 கிலோமீற்றர் காட்டுது. 2020 இல இலங்கைக்கு வண்டி இறக்குமதியை நிப்பாட்டினாப்பிறகு புது வண்டி எண்ட கதையையே எங்கட வீட்டில விட்டிட்டம். பழசின்ர விலையைக் கேட்டாலே தலை சுத்தும். 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்து விட்டாப்பிறகுதான் நான் சீட்டுக் கட்டத் தொடங்கினன். அதுவரைக்கும் அப்பாவின்ர சிடி100 தான். எட்டு வருசம் அதில ஓடியிருக்கிறன், நெல்லு மூட்டை ஏத்தியிருக்கிறன், மாரியில சேத்துக்குள்ளயும் ஓடியிருக்கிறன். அதால புது வண்டியை எடுத்து வந்த அண்டைக்கு, எனக்கு ஓடத் தெரியும் எண்டுதான் நினைச்சன்.

ரெண்டாம் நாள் ராமநாதபுரம் பக்கம் போறன், தங்கச்சி பின்னால. சிறுபோக வெட்டு முடிஞ்ச நேரம், ரோட்டின்ர அரைவாசியில நெல்லுக் காயப் போட்டிருக்கினம். நான் மூண்டாம் கியரில, ஒரு 45 இல போறன். நாலு போடுவம் எண்டு நுனிக்காலால மிதிச்சன். மிதிச்சு, கிளச்சை டக்கெண்டு விட்டன். எஞ்சின் அலறிச்சுது, பின்சில்லு கிறீச்செண்டு ஒரு பக்கம் இழுத்துது, தங்கச்சி என்ர முதுகில வந்து மோதினாள். அந்த நேரம் கை தானா கிளச்சைத் திரும்பப் பிடிச்சதால தப்பினம். இடப்பக்கம் ஒரு முழம் தள்ளியிருந்தால் நெல்லுக்கு மேல ஏறியிருப்பம். நெல்லு மணி சில்லுக்குக் கீழ உருளும், அதில ஒரு பிறேக்கும் நிக்காது.

நடந்தது என்னெண்டால், சிடி100 இல நாலு கியரும் கீழ்ப்பக்கம். முன்னுக்கு மிதிக்க மிதிக்க ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. குறைக்கிறதெண்டால் குதிக்காலால பின்பக்கத்தை மிதிக்க வேணும். புது வண்டியில ஒண்டு கீழ, மிச்சம் நாலும் மேல. ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவில நியூட்டல், எந்தக் கியரும் விழாத இடம். நான் நாலு எண்டு நினைச்சு மிதிச்சது, வண்டிக்கு ரெண்டு. அந்த வேகத்தில ரெண்டாம் கியர் விழுந்தால் எஞ்சின் பின்சில்லைப் பிடிச்சு இழுக்கும், பின்பிறேக்கை முழுசா மிதிச்ச மாதிரி. இதை மூளை ஒரு நிமிசத்தில படிச்சிடும். காலுக்கு எட்டு வருசப் பழக்கம், அது லேசில விடாது.

அதுக்கு நான் செய்த வேலையைச் சொல்லுறன், பழைய வண்டியில இருந்து மாறுற எல்லாருக்கும் இது உதவும். இரவில முத்தத்தில வண்டியை நடு ஸ்ராண்டில நிப்பாட்டி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, ஏறி இருந்தன். தம்பி பின்சில்லைக் கையால சுத்த, நான் கிளச்சைப் பிடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு, வாயால சொல்லிச் சொல்லி மாத்தினன். "தூக்கு ரெண்டு, தூக்கு மூண்டு, மிதி ரெண்டு." சில்லு சுத்தாமல் அசையாமல் நிண்டால் கியர் எல்லாம் ஏறாது, அதுக்காக லீவரைப் போட்டு உதைக்காதேங்கோ. எஞ்சின் நிண்டிருக்கேக்க மட்டும்தான் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக வேணும், அதுவும் செயினுக்குக் கிட்டப் போகவே கூடாது. ஒரு கிழமை, நாளுக்கு இருபது நிமிசம். இப்ப கால் பிழைக்கிறதில்லை.

கால் சரிவந்தும் குலுக்கம் போகேல்லை. இனித்தான் முக்கியமான கதை.

என்ர அம்மாவுக்கு நாரி நோ. மாசத்தில ஒருக்கா கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போறனான். புது வண்டியில முதல் தரம் போகேக்க, ஒவ்வொரு கியருக்கும் அவவின்ர ஹெல்மெட் என்ர ஹெல்மெட்டில வந்து டொக் எண்டு இடிச்சுது. நான் எண்ணினன், போய்ச் சேர இருபத்தேழு தரம். அவ ஒண்டும் சொல்லேல்லை. வீட்டை வந்து இறங்கினாப்பிறகு சீற்றைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் நிண்டவ, நிமிர ஏலாமல். அண்டைக்குத்தான் இதை வடிவாப் படிக்க வேணும் எண்டு நினைச்சன்.

வண்டி திருத்திற கராச்சில ஒரு அண்ணை எனக்கு ஒரு பழைய கியர்ப்பெட்டியைத் திறந்து காட்டினவர். நான் நினைச்சுக்கொண்டிருந்தது, கியர் மாத்தேக்க ஒரு பல்லுச்சில்லு விலகி இன்னொரு பல்லுச்சில்லோட போய்ச் சேருது எண்டு. அப்பிடி இல்லை. உள்ளுக்க எல்லாச் சோடியும் எப்பவும் ஒண்டோட ஒண்டு பல்லுக் கோத்தபடிதான் சுத்துது. நீங்கள் லீவரைத் தட்டேக்க கவட்டை மாதிரி ஒரு துண்டு ஒரு சில்லைப் பக்கவாட்டில தள்ளும். அதின்ர பக்கத்தில துருத்திக்கொண்டிருக்கிற கட்டைகள் மற்றச் சில்லின்ர இடுக்குக்குள்ள போய்ப் பூட்டும். அந்த டக் எண்ட சத்தம் அதுதான். அரை மனசாத் தட்டினால் அந்தக் கட்டை பூட்டாமல் உரசிப்போட்டுத் திரும்பி வந்திடும், கியர் ரெண்டுக்கும் நடுவில நிக்கும், எஞ்சின் சும்மா கத்தும். அதால கால் மெதுவா, ஆனால் கடைசி வரைக்கும் போக வேணும். தட்டினாப்பிறகு காலை எடுத்திட வேணும், லீவரில வைச்சுக்கொண்டே ஓடக் கூடாது.

இதைப் பாத்தாப்பிறகு எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. பெட்டிக்குள்ள கியர் மாறுறதுக்குக் கண் மூடி முழிக்கிற நேரம் போதும். குலுக்கம் அங்க இல்லை. எஞ்சினையும் பின்சில்லையும் தொடுக்கிற கிளச் திரும்பப் பிடிக்கேக்க எஞ்சின் ஒரு வேகத்திலயும் பின்சில்லு இன்னொரு வேகத்திலயும் நிண்டால், ரெண்டும் சண்டை பிடிக்கும். அந்தச் சண்டைதான் அம்மாவின்ர நாரியில விழுது. அதால வேலை முழுக்கக் கையில: இடக்கையில கிளச், வலக்கையில அக்சிலேற்றர்.

சரி, ஓடிக் காட்டுறன். முதல், கிளச் எந்த இடத்தில பிடிக்குது எண்டு கை அறிய வேணும். ஒண்டாம் கியர், அக்சிலேற்றர் முறுக்கவே வேண்டாம். கிளச்சை நூல் நூலா விடுறன்... இந்தா, எஞ்சின் சத்தம் கொஞ்சம் பதியுது, வண்டி நகர வெளிக்கிடுது. பாத்தீங்களே? இந்த இடந்தான். திரும்பப் பிடிக்கிறன், நிக்குது. திரும்ப விடுறன். இதை நான் விடியத்தில ஐம்பது தரம் செய்தன், மூண்டு நாள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மிச்சம் எதுவும் வராது.

மூண்டாம் நாள் எனக்கு அந்த இடம் மாறின மாதிரி இருந்தது, நியூட்டலும் விழ மறுத்துது. பாத்தால் கிளச் லீவர் கனக்கத் தொங்குது. புதுக் கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். லீவரில 10 முதல் 15 மில்லிமீற்றர் மட்டில சும்மா ஆட வேணும், சரியான அளவு உங்கட வண்டிப் புத்தகத்தில இருக்கும். கூட ஆடினால் கிளச் முழுசா விலகாது, கியர் கரகரக்கும். ஆடவே இல்லாட்டி கிளச் வழுக்கித் தேயும். இந்தச் சின்ன நட்டைச் சுத்தினால் சரி, ரெண்டு நிமிச வேலை.

இப்ப ஏத்துறது. கிளச்சுக்கு முந்தி நுனிக்காலைக் கியர் லீவருக்குக் கீழ மெல்லமா முட்டி வைக்கிறன். அக்சிலேற்றரை விடுறதும் கிளச்சைப் பிடிக்கிறதும் ஒரே நேரத்தில. கிளச் லீவரை ஹாண்டில் வரைக்கும் இழுக்கத் தேவையில்லை, பிடிக்கிற இடம் தாண்டினால் காணும். தூக்கு. கிளச்சை அந்த இடம் வரைக்கும் கெதியா விட்டு, அதில ஒரு கணம் தாமதிச்சு, பிறகு முழுசா. விடேக்க அக்சிலேற்றர் கொஞ்சமாத் திறக்குது. கேட்டீங்களே, சத்தம் முறியாமல் இறங்குது. நான் பழகினாப்போல 15 இல ரெண்டு, 25 இல மூண்டு, 35 கடந்து நாலு, 50 கிட்ட அஞ்சு. முதல் 1000 கிலோமீற்றருக்குள்ள எஞ்சினைக் கத்த விடக் கூடாது, அதால இந்தக் கணக்கு. ஆனால் மீற்றரைப் பாத்துக்கொண்டு ஓடாதேங்கோ, சத்தத்தைக் கேளுங்கோ.

இறக்குறதுதான் கஷ்டம், எனக்கு இதுக்குத்தான் ரெண்டு கிழமை போனது. முன்னுக்கு மாட்டுப்பட்டி நிக்குது எண்டு வையுங்கோ, ஏ9 பெரிய ரோட்டிலயும் அது நடக்கிறதுதானே. முதல் பிறேக்கால வேகத்தைக் குறைச்சுப்போட்டு அதுக்குப் பிறகுதான் கியர், ஒவ்வொண்டா. நாலில இருந்து மூண்டுக்கு வரேக்க அதே வேகத்துக்கு எஞ்சின் கூடச் சுத்த வேணும். அதால கிளச் உள்ளுக்க இருக்கேக்க வலக்கையால ஒரு சின்ன முறுக்கு, ஊம் எண்டு, அதோட மிதிச்சு, கிளச்சை ஆறுதலா விடுறன். முறுக்காமல் விட்டால் பின்சில்லுத்தான் எஞ்சினை இழுத்துச் சுத்த வேணும், ஹெல்மெட் வந்து இடிக்கும். பிறேக் விரலோட சேத்து முறுக்குறது எனக்கு இன்னும் வடிவா வரேல்லை. அதால நான் பிறேக்கை விட்டிட்டுத்தான் முறுக்குறன். முன்னால இடம் இருந்தால் மட்டும்.

இன்னும் ரெண்டு விசயம். விடியக் குளிரில நியூட்டலில இருந்து ஒண்டைப் போடேக்க டக் எண்டு பெரிசாக் கேக்கும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ. கிளச் தட்டுகள் ஒயிலுக்குள்ள ஊறிக் கிடக்கிறதால குளிரில ஒட்டிக்கொண்டு நிக்கும். ஒரு நிமிசம் எஞ்சினை ஓட விட்டால் குறையும். அதே காரணத்துக்காகக் காருக்கு ஊத்துற ஒயிலை இதுக்கு ஊத்தாதேங்கோ. கனக்கக் கார் ஒயிலில வழுவழுப்புக்கு மருந்து சேத்திருக்கு, கிளச் வழுக்கும். ரெண்டாவது, செயின். எங்கட கிரவல் ரோட்டுச் செம்புழுதியில ரெண்டு நாளில காய்ஞ்சு போகுது. செயின் தொய்ஞ்சால் எவ்வளவு வடிவா மாத்தினாலும் ஒரு வெட்டு வெட்டும்.

லைசன்ஸையும் ஒருக்காப் பாருங்கோ. ஏ1 எண்டால் 100 சிசிக்குள்ளதான். 100 ஐத் தாண்டினால் ஏ வேணும். சின்ன வண்டியில இருந்து மாறுற கனபேர் இதை மறந்திடுவினம்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை முறிகண்டிப் பிள்ளையாரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான், வண்டிக்குத் தேங்காய் உடைக்க. போகேக்க ரெண்டு தரம் இடிச்சுது, ரெண்டும் நான் அவசரப்பட்ட இடம். வரேக்க அவ ஒரு கையில கச்சான் சரை வைச்சிருந்தவ, மற்றக் கை என்ர தோளில. இரணைமடுச் சந்தி வரைக்கும் தோளில அந்தக் கை இறுகவே இல்லை. வீட்டை வந்து இறங்கி, நேரக் கிணத்தடிக்குப் போனவ, சீற்றைப் பிடிக்காமல்.

வாற புதன் கிளினிக். ஏ9 ஏறுற சந்தியில நிக்கேக்க எனக்கு இன்னும் நியூட்டல் ஒரே தட்டில விழுறதில்லை. நிண்டாப்பிறகு தேடினால் கஷ்டம், சில்லு கடைசியாச் சுத்தி முடியிறதுக்கு முந்தி ரெண்டில இருந்து அரை மிதி மிதிக்க வேணும். அதைத்தான் இப்ப இந்த ரோட்டில பழகப் போறன். கமராவை மதகில வைக்கிறன், விரும்பின ஆக்கள் நிண்டு பாருங்கோ.