மீனின் உடலில் நஞ்சு எங்கே தங்குகிறது?

(காட்சி: அமெரிக்காவின் ஹட்சன் ஆறு)

நியூயார்க் மாநிலத்தில் ஓடும் இந்த ஆற்றங்கரையில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு இரண்டு ஆலைகள் இருந்தன. மின்தேக்கி செய்யப் பயன்பட்ட பிசிபி என்ற வேதிப்பொருள், 1977 வரை சுமார் முப்பது ஆண்டுகள் அங்கிருந்து ஆற்றில் கலந்தது. எளிதில் சிதையாது, தண்ணீரில் கரையாது, கொழுப்பைக் கண்டால் விடாது. 1976-இல் ஆற்றின் மேல்பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்தது.

(காட்சி: அறுத்த மீன், மிக அருகில்)

அந்த ஆற்று மீன் ஒன்றின் தோலை உரித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் மெல்லிய கொழுப்புப் படலம். விலாவின் நடுவே நீளவாக்கில் ஓடும் கருஞ்சிவப்புச் சதை. வயிற்றோரத்தில் வழவழப்பான மடிப்பு. பிசிபி சேர்வது பெரும்பாலும் இங்கேதான். இவற்றை வெட்டி எறிந்து, கொழுப்பு உருகி வடியும்படி வாட்டினால் நஞ்சு ஓரளவு குறையும்.

ஆனால் எல்லா மீனும் கொழுப்பை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில்லை. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் வாழும் ஹெர்ரிங் மீனுக்குச் சதையிலேயே கொழுப்பு. அதே கடலின் காட் மீனுக்குச் சதையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அது கொழுப்பைச் சேர்த்து வைப்பது ஈரலில். பிசிபியும் அந்தந்த இடத்துக்கே போகிறது.

(காட்சி: சினை)

மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். முட்டையின் மஞ்சள் கருவுக்குத் தாய் மீன் தன் கொழுப்பைக் கொடுக்கிறது. நஞ்சும் கூடவே போகிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரியில் டிரவுட் மீன் முட்டைகளில், பொரித்த குஞ்சுகள் பிழைக்கவே முடியாத அளவுக்கு பிசிபியைப் போலவே கொழுப்பில் தங்கும் டயாக்சின் வகை நஞ்சுகள் ஏறியிருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இரை தேடத் தொடங்கும் முன்பே, வயிற்றில் மஞ்சள் கருப் பை ஒட்டியிருக்கும்போதே அவை மடிந்திருக்கும்.

(காட்சி: சதைத் துண்டு)

மீனில் சேரும் பாதரச வகையான மெத்தில் பாதரசத்தின் போக்கு வேறு. அது கொழுப்பைத் தேடுவதில்லை. புரதத்தில் உள்ள கந்தகத்தோடு பிணைந்து, நாம் விரும்பி உண்ணும் சதையிலேயே அமர்ந்துவிடுகிறது. தோலை உரித்தும் பயனில்லை, வறுத்தும் பயனில்லை.

தீயணைப்பு நுரையில் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள் இன்னொரு வகை. இரத்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு இரத்தத்திலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மிகுகிறது, சதையில் குறைவு. ஆகவே சதையை மட்டும் சோதித்துவிட்டு மீன் நல்லது என்று அறிவித்தால், ஈரலையும் சினையையும் சேர்த்துக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு அது பாதி விடைதான்.