அந்த அரை வினாடி வெட்டு போயே போச்சு!

வணக்கம் மக்களே. பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெர்ரிக்குக் காத்திருக்கிறேன், காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் ஒரு புரோக்ரசிவ் ராக் ஆல்பத்தைப் பற்றிப் புலம்பினேனே, நீளமாக, சிக்கலான தாளத்தில் போகும் ராக், குரலே இல்லாமல் 43 நிமிடம் வெறும் வாத்திய இசை. அதில் இரண்டு டிராக்குக்கு நடுவே இசை வெட்டுப்படும் தொல்லை தீர்ந்துவிட்டது!

மூன்றாவது டிராக்கும் நான்காவதும் ஒரே ஓட்டம். ஆர்கன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அது அடங்குவதற்குள் கிட்டார் மேலே ஏறிவிடும். என் போனில் சரியாக அந்த இடத்தில் 'டப்' என்று ஒரு வெட்டு. பத்து நாள் இதே எரிச்சல். ஹெட்ஃபோனை மாற்றினேன், ஆப்பை மாற்றினேன், ம்ஹூம். கடைசியில் பார்த்தால் கோளாறு எம்பி3-இல். எம்பி3 ஆக்கும்போது தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளுமாம், அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் வெட்டு விழும். கலைஞர்களே ஆல்பம் விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் அதே காசுக்கு ஃபிளாக் வடிவிலும் இறக்கிக்கொள்ளலாம், ஒலியில் எதையும் இழக்காத வடிவம், அந்த மௌனமும் ஒட்டாது. இறக்கினேன், போட்டேன், ஆர்கன் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. நேற்று ராத்திரி அந்த இடத்தை மட்டும் எட்டுத் தடவை கேட்டேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். எல்லாக் கருவியும் ஒரே ஆள்! கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் கூட. கம்ப்யூட்டரில் தட்டி வைத்த டிரம்ஸ் எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்கே தெரியும். இவர் உட்கார்ந்து அடித்திருக்கிறார். இரண்டாவது டிராக் 7/8, அதாவது சுற்றுக்கு ஏழு அடி, நம் கர்நாடக இசைக் கணக்கில் மிஸ்ர சாபு தாளம். தகிட தகதிமி என்று தொடையில் தட்டிப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். அந்தத் 'தகிட'வின் கடைசி அடியில் ஸ்னேர் டிரம்மை ஒரு மயிரிழை தள்ளி அடிக்கிறார். தைப்பூசத்தில் உருமி அடிக்கும் நம் பையன்களிடம் இதே இழுப்பு இருக்கும், கால் தானாக ஆடும்.

அப்புறம் விலை. 30 ரிங்கிட். ஸ்ட்ரீமிங் ஆப்பின் மாதச் சந்தாவே அதைவிடக் குறைவு என்று கமெண்டில் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தாவில் இவர் கைக்கு என்ன போய்ச் சேரும், சொல்லுங்கள்? பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுக்கும், பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கும். 2020-இல் கோவிட் நேரத்தில் ஆரம்பித்த வழக்கம். அந்த நாள் வரை காத்திருந்துதான் வாங்கினேன்.

ஆள் பெயரும் ஆல்பம் பெயரும் கீழே விவரத்தில் போட்டிருக்கிறேன். கடைசி டிராக் 14 நிமிடம், ஃபிளாக்கில் இன்னும் கேட்கவில்லை, தண்ணீரில் போகும்போது கேட்பதற்கென்றே வைத்திருக்கிறேன். சரி, கேட்டைத் திறந்துவிட்டார்கள், வருகிறேன்.