கால் தோல் உரிந்த கதை: குஜோவில் விடிய விடிய ஆட்டம்

வணக்கம். முதலில் இந்தக் காலைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன்... தெரிகிறதா? பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மாட்டிய மரக்கட்டைச் செருப்பைக் காலை வெளிச்சம் வந்த பிறகுதான் கழற்றினேன். ‘கெத்தா’ என்பார்கள், நம் பாதக்குறட்டுக்குத் தம்பி மாதிரி. அடியில் இரண்டு கட்டை, மேலே ஒரு வார். வாடகைக்கு எடுத்தது.

நான் இருப்பது ஜப்பானில், கிஃபு மாகாணத்துக் குஜோ ஹாச்சிமான். மலைக்கு நடுவில் ஆறு ஓடுகிற சின்ன ஊர். ஓட்டல் வாசலில் மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த சாப்பாட்டு மாதிரிகள் வைத்திருப்பார்களே, அதை ஒரு தொழிலாகவே வளர்த்த இவாசாகி தகிஸோ இந்த ஊர்க்காரர்தான். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். நான் வந்தது ஆட்டத்துக்கு.

ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை, முப்பது ராத்திரிக்கு மேல் இங்கே தெருவில் ஆடுகிறார்கள். அதில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நான்கு ராத்திரிகள் மட்டும் விடிய விடிய. ‘போன்’ என்கிற முன்னோர் நாட்கள் அவை. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. இதற்குச் சொல்லப்படும் கதையின் நாயகர் நம் பக்கத்தவர். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், செத்துப்போன தன் அம்மா பசிப் பேயாய்த் தவிப்பதைப் பார்க்கிறார். புத்தர் சொன்னபடி துறவிகளுக்குச் சாப்பாடு போடுகிறார், அம்மாவுக்கு விடுதலை கிடைக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவர் குதித்து ஆடியதுதான் முதல் ஆட்டமாம். வரலாறாகப் பார்த்தால், 13ஆம் நூற்றாண்டில் இப்பென் என்ற துறவி அமிதா புத்தர் பெயரைச் சொல்லிக்கொண்டே கூட்டத்தோடு ஆடியபடி ஊர் ஊராகப் போனார். இந்த ஆட்டங்களின் வேர் அதில் இருக்கிறது.

சரி, தெருவுக்கு வருவோம். நடுவில் ‘யகாதா’ என்று ஒரு மரமண்டபம். அதன் மேல் பாடுகிறவர்கள், ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம், மத்தளம், புல்லாங்குழல். சுற்றி எல்லோரும் வட்டமாக நகர்கிறோம். பார்வையாளருக்கென்று நாற்காலி எதுவும் கிடையாது. நான் முதலில் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டியம்மா போகிற போக்கில் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவ்வளவுதான், கேமரா பைக்குள் போய்விட்டது. அதனால்தான் இந்த வீடியோவில் ஆட்டத்தை விட என் மூஞ்சி அதிகம், மன்னியுங்கள்.

அடவு கற்றுத்தர யாரும் இல்லை. முன்னால் போகிறவர் கையைப் பார்க்க வேண்டும், அதுதான் பள்ளிக்கூடம். ஒரே அடவுகள் திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது சுற்றில் கால் தானாகப் போகும். மொத்தம் பத்து ஆட்டங்கள். ‘ஹருகோமா’வில் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பது மாதிரி கை, கூடவே கட்டைச் செருப்பால் ஓங்கி ஒரு மிதி. நூற்றுக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் மிதித்தால் தெருவே மத்தளமாகிவிடுகிறது. என் தோல் போனது அதில்தான். ‘பூனைக்குட்டி’ என்றுகூட ஓர் ஆட்டம் உண்டு, அது சுலபம்.

அந்தக் காலத்துப் பிரபு ஒருவர், சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் எல்லோரும் இந்த நான்கு நாள் அந்தஸ்து பார்க்காமல் ஒன்றாக ஆடட்டும் என்றாராம். ஊரில் சொல்கிற கதை. மற்ற நாட்களில் அந்தஸ்து பார்த்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது, இல்லையா?

2022இல் யுனெஸ்கோ ஜப்பானின் 41 ஆட்டங்களை ‘ஃபுரியூ ஒதோரி’ என்ற பெயரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குஜோ அதில் ஒன்று. தொகுஷிமாவின் ‘ஆவா ஒதோரி’ இதைவிடப் பிரபலம், படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆடுகிறவனும் முட்டாள், பார்க்கிறவனும் முட்டாள், அப்படியானால் ஆடாதவனுக்குத்தான் நட்டம் என்று பாடிக்கொண்டே போவார்கள். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற குழுக்களின் அணிவகுப்புதான் பிரதானம். எனக்கு இந்த வட்டம்தான் பிடித்தது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஆடுவதில்லை, ஆனால் ஜப்பான் முழுக்கப் பேட்டைக்குப் பேட்டை ஆடுவது ‘தான்கோ புஷி’, நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. ஹவாயில் குடியேறிய ஜப்பானியர்கூட ஆடுகிறார்கள். ஃபுகுவோகாவின் தகாவா பக்கம், கரியைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையில் இருந்த பெண்கள் பாடிய பாட்டிலிருந்து வந்தது. கையைப் பாருங்கள். தோண்டு, தோண்டு. மூட்டையைத் தோளுக்குப் பின்னால் போடு. கையைப் புருவத்தில் வைத்து நிலாவைப் பார். வண்டியைத் தள்ளு, தள்ளு. புகைபோக்கி அவ்வளவு உயரம், பாவம் நிலாவுக்குப் புகை கண்ணைக் கரிக்குமே என்பதுதான் பாட்டு. நாளெல்லாம் கரித்தூசியில் நின்றவர்கள் நிலாவுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! தகாவாவின் இதா சுரங்கம் 1964இல் மூடப்பட்டது. இரண்டு புகைபோக்கிகளும் இன்னும் நிற்கின்றன. சுரங்கத்தையே பார்க்காத பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், குஜோவில் சில ராத்திரிகளில் நடுவர்கள் கூட்டத்தோடு கலந்து சுற்றுவார்கள். நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு மரவில்லை கிடைக்கும், அதைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கலாம். நான் ஆடிய லட்சணத்துக்கு வில்லை இல்லை, விலகிப் போ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஹருகோமாவில் எல்லோரும் இடது பக்கம் போனபோது நான் வலது பக்கம் போய் ஒரு மாமா மேல் மோதினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார், தாளம் தவறாமல்.

கடைசி ஆட்டம் எப்போதும் ‘மத்சுசாகா’. அதற்கு மத்தளம் இல்லை, ஷாமிசென் இல்லை. குரலும் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டும் சத்தமும் மட்டும். வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. யாரும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் கொஞ்சம் கைதட்டினார்கள், அப்புறம் ஆளுக்கொரு சந்தில் நடந்து போனார்கள், டக் டக் என்று. அந்தச் சத்தம் ஒவ்வொரு சந்திலும் தேய்ந்து போகிற வரை நான் அங்கேயே நின்றேன். செருப்பைத் திருப்பிக் கொடுக்கக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம். அதுவரை கால் ஐஸ் தண்ணீரில்.