பரங்கிப் பிஞ்சு ஏன் வெம்புகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பரங்கிக்கொடி போட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கொடி வேலி தாண்டி ஓடுதுங்க, பூவும் நிறைய பூக்குது, காய்தான் நிக்க மாட்டேங்குது." சிலர் கண்ணுபட்டுவிட்டது என்கிறார்கள். ஊருக்கே திருஷ்டி கழிக்கிற பூசணிக் குடும்பத்துக்கே திருஷ்டியா! இன்னும் சிலர் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். அதில் இலைதான் தழைக்கும், காய் வராது.

பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில் வரும். முதலில் பூப்பது ஆண்பூ. மெல்லிய நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்கும். அது உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெண்பூவுக்குக் காம்பு குட்டை, இதழுக்கு அடியிலேயே குட்டிப் பிஞ்சு உருண்டு இருக்கும். மார்கழியில் வாசல் சாணிப் பிள்ளையாருக்குப் பூ பறிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆண்பூவாகப் பறித்தால் விளைச்சல் குறையாது. கொடியில் தினம் ஒன்றிரண்டு ஆண்பூ மிச்சம் இருக்கட்டும்.

பெண்பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பினால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. அந்தக் காலை நேரத்துக்குள் தேனீ வர வேண்டும். மாடித் தோட்டத்துக்கும், மருந்தடிக்கிற வயலை ஒட்டிய வீட்டுக்கும் தேனீ வரத்துக் குறைவு. அப்போது நாமே செய்துவிடலாம். அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப்போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூலகமுடியில் சுற்றிலும் தடவுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குக் காணும்.

மழையில் நனைந்த மகரந்தம் உதவாது. ஆடியில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்கு முன்பே பிஞ்சு பிடித்துவிடும். பெண்பூ அதிகமாக வருவதற்கு எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கிற முறையும் உண்டு. பண்ணைக்குச் சரி, வீட்டில் இரண்டு கொடிக்கு அது எதற்கு?

நடவு ரொம்ப எளிது. ஓரடி நீள அகல ஆழத்தில் குழி, அதில் பத்து கிலோ மட்கிய தொழுவுரம், ஐந்து விதை. பதினைந்து நாளில் நல்ல கன்று இரண்டை விட்டு மற்றதைக் களையுங்கள். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகத்தில் காய் ஒன்றரை, இரண்டு கிலோதான். சின்னக் குடும்பம் ஒரே வாரத்தில் தீர்த்துவிடும். கோ 1 ஏழெட்டு கிலோ வரும். வெட்டினால் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு போக வேண்டியதுதான்.

பிஞ்சு நின்ற பிறகும் அழுகினால் பழ ஈயைச் சந்தேகப்படுங்கள். தோலில் சின்னத் துளையும் அதில் பிசினும் இருக்கும். அறுத்தால் உள்ளே புழு. அந்தக் காயைக் குப்பையில் வீசாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, திரும்பவும் ஈயாக வரும். ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். நல்ல பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டுங்கள். காய் பெருக்கப் பெருக்க முடிச்சைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். மண்ணில் படும் காய்க்கு அடியில் வைக்கோல் போடுங்கள்.

பக்கத்தில் வெண்பூசணி இருந்தால் இனம் கலந்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். கலக்காது, இரண்டும் வேறு வேறு இனம். வேறு ரகப் பரங்கி பக்கத்தில் இருந்தால் கலக்கும். அதுவும் இந்த வருஷக் காயில் தெரியாது, அதன் விதையைப் போடும்போதுதான் தெரியும். விதைக்கு விடுகிற ஆண்பூ, பெண்பூ இரண்டின் வாயையும் முந்தின நாள் சாயங்காலமே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தம் தடவிப் பெண்பூவை மறுபடி கட்டுங்கள்.

காம்பு காய்ந்து கட்டைபோல ஆகி, நகம் தோலில் இறங்காவிட்டால் பறிக்கலாம். இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான நிழலில் ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தால் சில மாதம் கெடாது. காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.