தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் ஆள் வருமா?

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் தண்ணீர் மோட்டாரும் படகு இஞ்சினும் திருத்துகிற ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். வேலை பழக வரும் பொடியன்மாரோடு வருஷக்கணக்காகப் பழகுகிறவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள் போலும்.

கஷ்டகாலத்தை இளைஞர்கள் எப்படி வாய்ப்பாக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தந்த தலைப்பு. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் போய் அது வாய்ப்பு என்று சொல்ல யாருக்கு நா எழும்பும்? இழப்பு இழப்புத்தான். அதை நான் இனிப்புத் தடவிப் பேச மாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 1978 சூறாவளி, யுத்தம், சுனாமி, 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது, 2024 நவம்பரில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திய வெள்ளம். நிலைமை சீராகட்டும், அப்புறம் தொழில் தொடங்கலாம் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிற ஒருவர் காத்திருந்தால், அவர் தலை நரைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தொடங்குவதா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். எதைத் தொடங்குவது என்று பார்ப்போம்.

கஷ்டகாலம் வந்தால் இரண்டு விதமான தேவை கிளம்பும். ஒன்று அந்தக் கஷ்டத்தோடு வந்து அதோடேயே போய்விடும். மற்றது முன்பே இருந்த தேவை. அதுவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், கஷ்டம் வந்தபோதுதான் கண்ணில் படும். முதலாவதில் காசு வேகமாக வரும், வேகமாகப் போகும். இரண்டாவதில்தான் தொழில் இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். ஒரு தையல் மெஷின் இருந்த வீடெல்லாம் முகக்கவசம் தைத்தது. நல்ல வியாபாரம். சில மாதத்தில் பெட்டி பெட்டியாக மலிவு முகக்கவசம் கடைகளுக்கு வந்தது, அத்தோடு அது முடிந்தது. அதே ஊரடங்கில் ஃபோனில் ஓடர் எடுத்து மரக்கறியும் மீனும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த பொடியன்மார் சிலர் இன்றும் அதைச் செய்கிறார்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள், இவர்களுக்குக் கொரோனாவுக்கு முன்பும் சந்தைக்குப் போக ஆள் இல்லை. ஊரடங்கு அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

பசளைக் கதையும் அப்படித்தான். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. வெள்ளாமைக்காரர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். உடனே சேதனப் பசளை செய்கிறோம் என்று லோன் எடுத்து மெஷின் வாங்கியவர்கள் இருந்தார்கள். நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். லோன் மட்டும் மிச்சம். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மடையர்களும் இல்லை. ஒரு கடதாசியால் வந்த தேவை இன்னொரு கடதாசியால் போகும் என்பதை யோசிக்க அவர்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கும் நாற்று மேடைக்கும் சிறிய அளவில் பசளை செய்து விற்றவர்கள் தப்பிக்கொண்டார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் தடைக்கு முன்பும் இருந்தவர்.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் வெளியிலிருந்து புது வாகனம் வருவது மிகவும் குறைவு. பழசைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. டிங்கர் வேலை, பெயிண்ட், வயரிங், சீட் தைப்பது, இவை தெரிந்தவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இறக்குமதி திறந்த பிறகு அது படுத்துவிட்டதா? இல்லை. வாகன விலை ஏறிய ஏற்றத்தில் யார் பழசை எறிவார்? ஆனால் இன்று வேலை பழக வருகிறவனுக்கு நான் சொல்வது, பெற்றோல் இஞ்சினோடு நிற்காதே, பற்றரியில் ஓடுகிற சைக்கிளையும் ஹைபிரிட் காரையும் கழற்றிப் பூட்டப் பழகிக்கொள். அவை திருத்த வரும்போது கராஜில் பயந்து நிற்கிற ஆள்தான் அதிகம்.

வெள்ளம் நம் பக்கத்தில் வருஷா வருஷம் வருகிற விருந்தாளி. ஒவ்வொரு மாரிக்கும் பிறகு தண்ணீர் மோட்டார்கள் என் வாசலில் வரிசையில் கிடக்கும். மோட்டாருக்குக் கொயில் சுற்றத் தெரிந்தவர்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் அறுவடை நேரம் ஒரு மெஷின் வயல் வட்டைக்குள் நின்றுவிட்டால் சொந்தக்காரர் திருத்துகிறவனுக்கு எவ்வளவு காசும் கொடுப்பார், ஏனென்றால் ஒரு மழை பெய்தால் நெல் விழுந்துவிடும். அந்த அழைப்புக்கு ஓடிப்போக திருத்துகிற ஆயுதம் ஒரு பையும் ஒரு மோட்டார் சைக்கிளும் போதும், கட்டிடம் தேவையில்லை. பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2021, 2022ஐ நினைத்துப் பாருங்கள். பால்மா திரும்பி வந்தது, பழைய விலை திரும்பி வரவில்லை. மாட்டுப்பட்டி இருக்கிற இடம் நம்முடையது. பாலை நேரத்துக்கு எடுத்து, சுத்தமாகக் கொண்டுவந்து, தயிராகவோ பாலாகவோ டவுனில் கொடுக்க இன்னும் நிறைய ஆள் வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்பீர்கள். கொயில் சுற்றுவதற்கு ஆண்கை வேண்டியதில்லை. பொறுமையான கை வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு 20 வயதுப் பிள்ளைகள் அதைக் காணவில்லை. தொண்டு நிறுவனங்கள் வந்தன. உதவி செய்தார்கள், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் ஒரே ஒழுங்கையில் வரிசையாகத் தையல் மெஷின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? படகும் அப்படி. கடலுக்கே போகாதவருக்கும் படகு கிடைத்தது, போகிறவருக்கு மீன் குறைந்தது. அந்த அலுவலகங்களில் வேலை செய்த இளைஞர்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல சம்பளம். நிறுவனம் போனதும் சம்பளமும் போனது. அந்த நாலைந்து வருஷத்தில் கணக்கு எழுதப் பழகியவர், ஆங்கிலம் பிடித்துக்கொண்டவர், வீடு கட்டும் வேலையில் மேசன் தொழிலை முழுதாகக் கற்றவர், இவர்கள் நின்றுபிடித்தார்கள். உதவியாக வருகிற பொருளைவிட அதோடு வருகிற வேலைப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனிப் பெற்றோருக்கு ஒன்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கோறணமேந்து என்றால் அரசாங்கம். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை டவுனுக்குப் போன எல்லோரும் பார்த்தோம். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறான் என்றால் ஏதோ பரீட்சையில் தவறிய பிள்ளை மாதிரிப் பார்க்கிறோமே, அது ஏன்? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழ்ப் பண்டிதராக, யாழ் நூல் எழுதியவராக எல்லோருக்கும் தெரியும். அவர் 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர். அதே ஆண்டில்தான் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருக்க அவருக்கு வெட்கம் இருக்கவில்லை.

கடன் விஷயத்துக்கு வருவோம். தொழில் தொடங்க வேண்டும் என்றதும் முதல் கேள்வி, லோன் எங்கே எடுக்கலாம் என்பதுதான். நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைக்கச் சொல்வேன். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற வீடுகளை நம் ஊர்ப் பெண்கள் மறக்கவில்லை. முதலில் ஒரு ஓடர் பிடியுங்கள். இருக்கிற சட்டி, இருக்கிற மெஷின், இரவல் ஆயுதம், எதை வைத்தாவது அந்த ஓடரை முடியுங்கள். அதே ஆள் இரண்டாம் தடவை வந்து கேட்கிறாரா என்று பாருங்கள். அப்படிக் கேட்டால்தான் காசு போட யோசிக்கலாம்.

கணக்கிலும் ஒரு பிழை எங்கும் நடக்கிறது. இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிற பிள்ளை மா, தேங்காய், காஸ் எல்லாவற்றையும் கூட்டுவாள். விடிய மூன்று மணிக்கு எழும்புகிற தன் கூலியைக் கூட்ட மாட்டாள். மிஞ்சியதெல்லாம் இலாபம் என்று நினைப்பாள். மறுகா ஒருநாள் காய்ச்சலில் படுத்து, கூலிக்கு ஆள் பிடிக்கும்போதுதான் தெரியும், இத்தனை நாளும் இலாபமே இல்லை என்று. விலை சொல்லும்போதே உங்கள் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்றால் வேறு பொருளுக்கு மாறுங்கள்.

வெளிநாடு போகிறேன் என்கிறவர்களை நான் மறிப்பதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்ததே வெளிநாட்டுக் காசில்தான். ஆனால் கையில் ஒரு தொழிலும் அதற்கு ஒரு சான்றிதழும் இல்லாமல் போகாதீர்கள். சாமான் தூக்குகிறவருக்கும் வெல்டிங் தெரிந்தவருக்கும் அங்கே ஒரே சம்பளம் இல்லை.

சான்றிதழ் என்றதும் திரும்பவும் வகுப்பில் உட்கார வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் 1 முதல் 7 வரை மட்டங்கள் இருக்கின்றன. மேசனிடமோ கராஜிலோ வருஷக்கணக்காக வேலை செய்து பழகியவர், வகுப்புக்கே போகாதவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பிக்கலாம். செய்த வேலைக்கு ஆதாரம் பார்ப்பார்கள், நேரில் வேலை செய்து காட்டச் சொல்வார்கள், தேறினால் அந்த மட்டத்துச் சான்றிதழ் தருவார்கள். என்னிடம் பழகிய ஒரு பொடியன் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் தவறியவன், அப்படித்தான் எடுத்தான். நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கேள்விப்பட்டோம். நீங்கள் இப்போதே கேட்டுவிட்டீர்கள்.

தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை, இரண்டின் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்கள் வணிகப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். கிராம சேவையாளரிடம் முதலில் பேசிவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம். சாப்பாட்டுச் சாமான் செய்கிறவர்கள் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதற்கு முன்பு நீங்களே அவரைப் போய்ப் பாருங்கள். சான்றிதழுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டைப் பிரதியும், வேலை பழகிய இடத்திலிருந்து ஒரு கடிதமும், செய்த வேலைகளின் படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் இருந்தால் அச்சடித்துக் கொண்டு போங்கள், அங்கே போய் சார்ஜ் இல்லை என்று நிற்க வேண்டாம். நன்றி, வணக்கம்.