பொம்மைப் புலியும் நிஜ யானையும்

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவைச் சினிமாவே கேலி செய்கிற படங்கள் என்றால் எனக்கு உயிர். அந்த வகையில் ஆடம்பரத்தின் உச்சம், 2007 தீபாவளிக்கு வந்த இந்திப் படமான ‘ஓம் சாந்தி ஓம்’. ஃபரா கான் இயக்கியது. துணை நடிகனான ஷாருக் கான், பெரிய நடிகையான தீபிகா படுகோனைக் காதலித்து, அவளைத் தீயிலிருந்து காக்கப் போய்ச் சாகிறான். மறுபிறவியில் நட்சத்திரமாகிப் பழிவாங்குகிறான். மற்றதெல்லாம் பாட்டும் பட்டாடையும்தான்.

அதில் ஒரு புலிக் காட்சி உண்டு. காதலியிடம் தன்னைத் தென்னாட்டு நட்சத்திரம் என்று அளந்துவிட்ட நாயகன், பொம்மைப் புலியோடு கட்டிப் புரண்டு, ‘என்ன ராஸ்கலா, மைண்ட் இட்’ என்று முழங்குவான். நானும் சிரித்தேன். ஆனால் கதை நடப்பது 1977. கேலி ரஜினிகாந்தை என்றால், அந்த ஆண்டு அவர் ‘16 வயதினிலே’ பரட்டை. அவருக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம்? எம்.ஜி.ஆர். என்றால், அவர் 1969-இலேயே ‘அடிமைப் பெண்’ணில் சிங்கத்தோடு மோதியவர், 1977-இல் முதலமைச்சர். அதை விடுங்கள். நம் படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் இந்திக்கே போய், ராஜேஷ் கன்னாவையும் யானைகளையும் வைத்து 1971-இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்து வெற்றி கண்டவர். தென்னாட்டு விலங்குப் படத்தைக் கிண்டல் செய்ய வந்தவர்கள் தேவரைத் தொட வேண்டாமா? எவ்வளவு பெரிய யானை, கண்ணில் படவில்லையே!

அடுத்தவரைக் கேலி செய்யும்போது இந்தப் படத்துக்குச் சோம்பல் வந்துவிடுகிறது. மூத்த இந்தி நடிகர் மனோஜ் குமார் கையால் முகத்தை மறைக்கும் பாணியைக் கிண்டலடித்ததும் அப்படித்தான். அவர் புண்பட்டு நீதிமன்றம் வரை போனார். தன் வீடு என்றால் மட்டும் கூர்மை. விருது விழாவில் நாயகனின் இரண்டு படங்கள் போட்டியிடும். இரண்டிலும் அதே காதல் காட்சி, அதே வசனம்! ஷாருக் தன்னையே கிழித்துக்கொள்கிறார். மறுபடியும் சொல்கிறேன், தன் வீடு என்றால்தான் கூர்மை.

அந்த விருது விழாவுக்குப் பின் கேலி வற்றி, எதைக் கிண்டல் செய்தார்களோ அதையே பயபக்தியோடு எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முடிவில் ஆவி வருவது 1958-இன் இந்திப் படமான ‘மதுமதி’யிலேயே பார்த்ததுதான்.

பாடல்களைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன். புலி நேரத்தைத் தின்றுவிட்டது. ‘தூம் தானா’ பாட்டில் பழைய படச்சுருளுக்குள் தீபிகாவை ஒட்டி, சுனில் தத், ராஜேஷ் கன்னா, ஜிதேந்திராவோடு ஆடவிட்டிருப்பதைப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போதும் எழுந்துவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருவார்கள். நன்றி, வணக்கம்.