பிரஜ்னேஷின் முழங்கால்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவன். பிசியோ என்றால் எல்லோருக்கும் புரியும். சென்னையில், விளையாடுகிற பிள்ளைகளின் முட்டி, கணுக்கால், தோள்பட்டை இவற்றோடுதான் என் பொழுது போகிறது. டென்னிஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, ஆட்ட நுணுக்கம் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நான் ஒரு முழங்காலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

அந்த முழங்கால் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுடையது. அவருக்கு நான் சிகிச்சை எதுவும் செய்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் ஆட்டத்தைப் பார்த்த ஆயிரம் பேரில் நானும் ஒருவன், அவ்வளவுதான். ஆனால் என் தொழிலில் இருப்பவனுக்கு ஆட்டக்காரரின் கை கண்ணில் படுவதற்கு முன்னால் கால் கண்ணில் பட்டுவிடும்.

பிரஜ்னேஷ் 1989 நவம்பரில் சென்னையில் பிறந்தவர். இடது கை ஆட்டக்காரர். 2010 வாக்கில் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்தார். வந்த வேகத்தில் முழங்காலில் எலும்புக் கீறல். ஒரு முறை வந்து ஆறிப் போயிருந்தால் பரவாயில்லை, திரும்பத் திரும்ப வந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அப்படியே போயின. இருபதிலிருந்து இருபத்தைந்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் புள்ளிகள் சேர்க்கிற வயது அது.

இந்த எலும்புக் கீறல் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே விழுந்து எலும்பு முறிகிறதே, அது வேறு. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்புதான். நாம் ஓய்வெடுக்கையில் உடம்பு அதைப் பூசி மெழுகிவிடும். எலும்பு உயிருள்ள பொருள், தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும். பழுது பார்க்கிற வேகத்தைவிடச் சேதமாகிற வேகம் கூடிவிட்டால்தான் வினை. சேதத்தின் மேல் சேதம் ஏறி ஒருநாள் கீறலாகிவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் பிடிபடும். நோயாளியும் 'லேசான வலிதான் சார்' என்றுதான் சொல்லுவார்.

இதற்கு வைத்தியம்? பெரும்பாலும் மாவுக்கட்டு கிடையாது, அறுவை கிடையாது. சும்மா இருக்க வேண்டும். ஓடத் துடிக்கிற இருபது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்வான், சும்மா இருக்க மட்டும் மாட்டான்.

டென்னிஸில் இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்றால், முதல் காரணம் சர்வீஸ். பந்தை மேலே போட்டு, எம்பி அடித்து, இறங்குவார்கள். வலது கைக்காரர் இடது காலில் இறங்குவார், பிரஜ்னேஷ் போன்ற இடது கைக்காரர் வலது காலில். ஒரு ஆட்டத்தில் நூறு தடவை, பயிற்சியையும் சேர்த்தால் இன்னும் பல நூறு. அப்புறம் தரை. களிமண் தரையில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கலாம். ஹார்ட் கோர்ட் என்கிற கெட்டித் தரையில் ஓடிவந்து சடாரென்று நிற்க வேண்டும், அந்த அதிர்ச்சி முழுக்கக் கணுக்காலும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவர்கள்.

என் சொந்தக் கதையும் இதில் ஒன்று உண்டு. பதினேழு வயதில் மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்தேன். கீழ்க்கால் எலும்பில் வலி. அப்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், 'கடற்கரை மணலில் ஓடு, காலுக்குப் பலம் வரும், வலி போய்விடும்' என்றார். மூன்று மாதம் ஓடினேன். வலி போகவில்லை, நான்தான் டென்னிஸை விட்டுப் போனேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சரி, பிரஜ்னேஷிடம் வருவோம்.

டென்னிஸ் தரவரிசை 52 வாரக் கணக்கு. போன வருடம் இதே வாரம் வாங்கிய புள்ளி இந்த வருடம் இதே வாரம் உதிர்ந்துவிடும். ஆடிக்கொண்டே இருப்பவர் உதிர்ந்ததை ஈடுகட்டுவார். படுத்திருப்பவர் என்ன செய்வார்? ஆறு மாதத்துக்கு மேல் ஆடாதவருக்குப் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்று ஒரு சலுகை உண்டு. காயம்பட்ட முதல் மூன்று மாதச் சராசரி இடத்தைக் காட்டிச் சில போட்டிகளில் நுழையலாம். ஆனால் அந்த இடம் உயரத்தில் இருந்தால்தான் சலுகைக்கு மதிப்பு. அறுநூறாவது இடத்தைப் பாதுகாத்து வைத்து என்ன செய்வது? அதனால் அடிமட்டத்தில் இருப்பவருக்குக் காயம் என்றால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஃப்யூச்சர்ஸ் என்று சொல்லப்பட்ட சின்னப் போட்டிகள், வென்றாலும் விமானச் செலவுக்குக்கூடத் தேறாத பரிசுப் பணம், தங்குவதற்குக் கிடைத்த அறை.

பிரஜ்னேஷ் அப்படித்தான் தொடங்கினார். ஜெர்மனியில் ஓஃபன்பாக் என்ற ஊரில் முன்னாள் ஆட்டக்காரர் அலெக்சாண்டர் வாஸ்கே நடத்திய அகாடமியில் பயிற்சி. 2018 தொடங்கும்போதுகூட அவர் முதல் இருநூறுக்கு வெளியேதான் இருந்தார்.

அந்த ஏப்ரலில் சீனாவின் தியான்ஜின் நகரில், நாடுகள் மோதிக்கொள்ளும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் சீனாவும். முதல் நாள் இரண்டு ஆட்டமும் இந்தியாவுக்குத் தோல்வி. மறுநாள் பயஸ், போபண்ணா இரட்டையரில் வென்றார்கள். ராம்குமார் ஒற்றையரில் வென்று சமன் செய்தார். கடைசி ஆட்டம் பிரஜ்னேஷ் கையில். எதிரே வூ யீபிங், அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க ஓப்பனில் சிறுவர் பட்டம் வென்ற பையன். பிரஜ்னேஷ் 6-4, 6-2 என்று முடித்தார். அதே மாதம் சீனாவிலேயே ஆனிங்கில் தன் முதல் சேலஞ்சர் பட்டம். சேலஞ்சர் என்பது ஃப்யூச்சர்ஸுக்கு மேலே, பெரிய போட்டிகளுக்குக் கீழே இருக்கிற படி. ஜூனில் ஸ்டட்கார்ட் புல் தரையில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, கனடாவின் இளம் நட்சத்திரம் டெனிஸ் ஷப்பவலோவை வீழ்த்தினார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர். ஒரே வருடத்தில் இத்தனையும்.

கால் ஒத்துழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. அவருடைய ஃபோர்ஹேண்ட் 2018இல் திடீரென்று முளைத்ததா என்ன?

2019 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றுகளை வென்று பிரதான சுற்றில் நுழைந்தார். முதல் சுற்றில் டியாஃபோவிடம் தோல்வி. தோற்றாலும் கையில் 75,000 ஆஸ்திரேலிய டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 37 லட்சம் ரூபாய். வரி பிடித்தால் குறையும், ஆனாலும் சேலஞ்சர் போட்டிகளில் பல மாதம் ஓடினாலும் கிடைக்காத தொகை. அடுத்த மாதம் சென்னைச் சேலஞ்சர் போட்டி முடிந்த கையோடு தரவரிசை 97. அப்போது அவருக்கு வயது 29. மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் பெனுவா பேரையும், முதல் இருபதுக்குள் இருந்த பசிலஷ்விலியையும் வென்றார். ஏப்ரலில் 75ஆம் இடம், அதுதான் அவருடைய உச்சம். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு வெளியேறினார் என்பதும் உண்மைதான். விம்பிள்டனில் ரவோனிச், அமெரிக்க ஓப்பனில் அந்த ஆண்டு இறுதிப் போட்டி வரை போன மெட்வெடெவ் என்று எதிரே வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

இங்கே ஒரு வழக்கமான பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'நம்ம ஆளுங்களுக்கு உடம்பு பத்தாது சார், ஐந்து செட் தாங்காது' என்பார்கள். டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் கூடும் இடத்திலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன ரோகன் போபண்ணா, ஐயங்கார் யோகா செய்து காலைத் தேற்றிக்கொண்டு, 43 வயதில் இரட்டையரில் உலக முதலிடம் பிடித்தார். இரட்டையரில் ஓட வேண்டிய தூரம் குறைவு என்பது சரிதான், அதற்காக நாற்பத்து மூன்று முப்பதாகிவிடுமா? யூகி பாம்ப்ரி 2018இல் ஒற்றையரில் 83ஆம் இடம் வரை வந்து, முழங்கால் தசைநாண் பழுதாகி, இரண்டு ஆண்டுக்கு மேல் ஆட முடியாமல் போய், பிறகு இரட்டையருக்கு மாறி 2025 அமெரிக்க ஓப்பனில் அரையிறுதி ஆடினார். இந்த உடம்பையெல்லாம் என்னவென்று சொல்வது?

பத்தாதது உடம்பு இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆள். முதல் நூறுக்குள் இருப்பவர் கிராண்ட் ஸ்லாம் முதல் சுற்றில் தோற்றே ஒரு பிசியோவை வருடம் முழுக்கக் கூட வைத்துக்கொள்ளலாம். அவருடைய சம்பளம், விமானச் சீட்டு, அறை, சாப்பாடு எல்லாம் ஆட்டக்காரர் தலையில்தான். இருநூறில், முந்நூறில் இருப்பவர் போட்டி நடத்துகிறவர்கள் தருகிற பிசியோவிடம் வரிசையில் நிற்க வேண்டும். கூட ஆள் இருந்தால் நூறுக்குள் போகலாம், நூறுக்குள் போனால்தான் ஆள் வைக்கலாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

சுமித் நாகல் 2021இல் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2023இல், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்தபோதே, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் முன்னணி ஆட்டக்காரர்கள் என்று போட்டியில் தரம் பிரிக்கப்பட்டவர்களில் 31ஆம் இடம் பெற்ற பூப்ளிக்கை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரம் பெற்ற ஒருவரை இந்தியர் வென்றது 1989இல் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிப்ரவரியில் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் பட்டம் வென்று, அவரும் நூறுக்குள் நுழைந்தார். பிரஜ்னேஷுக்கும் சரி, நாகலுக்கும் சரி, நூறைத் தாண்டிய வாரம் சென்னை வாரம். எனக்கு அதில் ஒரு சின்ன ஊர்ப்பெருமை, ஒத்துக்கொள்கிறேன்.

பிரஜ்னேஷ் 2024 நவம்பரில், 35 வயதில், ஓய்வை அறிவித்தார். செய்தித்தாளில் சின்னதாக வந்தது.

போன வாரம் என்னிடம் ஒரு பையன் வந்தான். பதினான்கு வயது, அவனும் இடது கை. கீழ்க்கால் எலும்பில் கீறல். எட்டு வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றேன். முகம் விழுந்துவிட்டது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று பிரஜ்னேஷ் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, 'எத்தனை வயசுல நூத்துக்குள்ள வந்தாரு?' என்றான். இருபத்தொன்பது என்றேன். விரல் விட்டு எண்ணினான். 'அப்ப எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு' என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு டென்னிஸை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்களாம்.

வணக்கம்.